வெள்ளைக்குப் பயந்த கோழிகள்

எங்கள் ஆய்வகத்தில் குஞ்சு அறையை மூடிவிட்டார்களாம். நான் ஓய்வுபெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்த நிவேதா என்ற பெண் போனில் சொன்னாள்.

"சார், புது மெஷின் வந்துடுச்சு. மூளையில ஒரு துணுக்கை உள்ள வெச்சா எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு மொத்தமாச் சொல்லிடும். சீவறது, சாயம் ஏத்தறது எதுவும் இனிமே கிடையாது. அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படிச் செஞ்சீங்கன்னு கொஞ்சம் எழுதித் தாங்களேன்."

அந்தக் காலமாம். நான் ஓய்வுபெற்று இன்னும் என் பேண்ட்டுகள்கூடக் கிழியவில்லை. போனை வைத்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் சாயங்காலம் வரை மனம் எதிலும் ஒட்டவில்லை. அந்த அறையின் வெதுவெதுப்பும் தவிட்டு வாசனையும் மூக்கிலேயே நின்றன. அவள் கேட்டது எப்படிச் செய்தீர்கள் என்று. செய்முறையை மட்டும் எழுதினால் அது சமையல் குறிப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு கேஸையும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தம்மம்பட்டி. விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடி அலைந்து, நாமக்கல்லை ஒட்டிய அந்தக் கோழி ஆய்வகத்தில் டெக்னீஷியனாக நுழைந்தேன். முதல் சில வருடங்கள் பாட்டில் கழுவினேன், பிறகு மூளை சீவக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட கதையில் சுவாரசியம் எதுவும் இல்லை. நிறைய மூளைகளைப் பாழாக்கினேன், நிறையத் திட்டு வாங்கினேன், அவ்வளவுதான்.

எங்கள் தலைவர் டாக்டர் கோகிலவாணி. திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் லாரி வைத்திருந்த குடும்பம். வீட்டில் எல்லோரும் பூமியைத் துளைக்க, இவர் மட்டும் கோழி மூளையைக் குடைய வந்துவிட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் 'ங்க' ஒன்று கூடும். "ராஜமாணிக்கம், இது என்னங்க?" என்றால் சாதாரணம். "இது என்னங்க, சொல்லுங்க பாக்கலாமுங்க" என்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன்.

மனதில் படுகிற அனுபவம் மூளைக்குள் ஜீன்களை என்ன செய்கிறது, அதனால் நடத்தை எப்படி மாறுகிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பார்க்க வருகிற பண்ணைக்காரர்களுக்கு இது புரியாது. ஜீன் என்றால் பிறக்கும்போதே எழுதிய தலையெழுத்து, அதில் மாறுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். டாக்டரம்மா சுவரில் இருக்கும் சுவிட்சுகளைக் காட்டுவார். "ஊடு பூரா ஒயரிங் இருக்குதுங்க. அதுக்காவ எல்லா லைட்டையுமா போட்டு வெக்கறோம்? எந்த லைட்டு எப்ப எரியோணும், எது அணைஞ்சு கெடக்கோணும்ங்கறதுதான் விசயம். ஒரு பயம், ஒரு பாசம் வந்துச்சுன்னா உள்ள சில சுவிட்சு மாறுது. சிலது அப்படியே நின்னும் போவுது."

குஞ்சு அறைக்குள் நுழைவதற்கென்று ஒரு முறை இருந்தது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு எதை முதலில் அசையக் காண்கிறதோ அதைத் தாயாக எடுத்துக்கொள்ளும். அதனால் இருட்டில்தான் பொரிக்கவிடுவோம். உள்ளே போகிற எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. பூ வைத்திருக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, பேசக் கூடாது. டாக்டரம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் குழாயின் மேல் மாட்டிவிட்டு வருவார். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை கதவில் கை வைத்தபடி நிற்பார். அவசரமாக வருகிறவர்களைக் குஞ்சுகளுக்குத் தெரியும் என்பார். நானும் பக்கத்தில் நிற்பேன். வாழ்க்கையில் நான் நிம்மதியாக மூச்சுவிட்ட இடம் அந்தக் கதவடிதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு செய்கிற காரியம் கடினமானது. குஞ்சின் மனதில் பதிந்தது மூளையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க, அந்தக் குஞ்சைக் கொல்லத்தான் வேண்டும். அதை டாக்டரம்மா யாரிடமும் விட மாட்டார். உள்ளங்கையில் வைத்து, அது கண்ணைச் செருகித் தூங்கப் போகும்வரை காத்திருப்பார். கடைசி நேரத்துப் பயமும் மூளையில் பதிந்து முடிவைக் கெடுத்துவிடும் என்று காரணம் சொல்வார். காரணம் சரிதான். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

மூளையை உடனே உறைய வைத்து, பாக்குச் சீவுவது போலச் சீவுவது என் வேலை. முடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் சுருங்காமல் ஒட்டி, சாயம் ஏற்ற வேண்டும். ஜீன் விழித்துக்கொண்ட செல்களில் மட்டும் சாயம் பிடிக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெளிறிய பரப்பில் கடுகு தெளித்தது போலக் கருப்புப் புள்ளிகள் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்துச் சொல்வேன். பயத்துக்கு ஓர் இடம், நாடிப் போவதற்கு வேறோர் இடம்.

இனி அந்தக் கேஸ்.

எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து சிவகாமி என்ற பெண் செத்த கோழிகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கலாம். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். அந்தப் பக்கத்துச் சில குடும்பங்களில் கணவன் இறந்தால் இன்றும் வெள்ளைதான். அவளுக்கு நான்கு அடி தள்ளி, கணவனின் அண்ணன் பழனிசாமி நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"சீக்கு ஒண்ணும் தெரியலீங்க," என்றாள் சிவகாமி. "நான் கொட்டாய்க்குள்ள போனாப் போதுமுங்க. அத்தனையும் ஒரு மூலைக்கு ஓடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குதுங்க. அடியில சிக்கறது மூச்சு முட்டிச் செத்துப் போவுதுங்க."

அவர்களுடையது கூண்டுப் பண்ணை அல்ல. தரையில் கடலைத்தோல் பரப்பி, நாட்டுக்கோழிக் கலப்பில் தாய்க்கோழிகள் வளர்த்துப் பொரிப்பகத்துக்கு முட்டை கொடுக்கிற பண்ணை. கோழிகள் அத்தனையும் செம்பழுப்பு. அவளுடைய கணவன் துரைசாமி தன் கையால் கட்டிய கொட்டகை. அவன் லாரி மோதிச் செத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

நான் கோழிகளை அறுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கழிச்சல் நோய் இல்லை, குடலில் ஒன்றும் இல்லை, நுரையீரல் மட்டும் நெரிசலில் கருத்திருந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். அதற்குள் பழனிசாமி முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, எனக்கும் தெரியுமுங்க, சீக்கு இல்லீன்னு. இந்தப் பொண்ணு காலு பட்டாலே ஆவறதில்லீங்க. தம்பி போனான். இப்பக் கோழியும் போவுது. பண்ணைய ஒறம்பரைச் சொந்தத்துல ஒருத்தருக்கு உட்டுப்போட்டு, இவியள அப்பனூட்டுக்கு அனுப்பி வெச்சரலாமுன்னு பேசியிருக்கறோம். சீக்கு இல்லீன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிப்போட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

எங்களுக்கு வந்த சங்கடம் இதுதான். உண்மையைச் சொன்னால் அவள் வீட்டைவிட்டுப் போக வேண்டும். டாக்டரம்மா பொய் சொல்கிறவர் இல்லை. சிவகாமி சாக்கின் வாயை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"அவிய கட்டுன கொட்டாய்ங்க," என்றாள். "அத உட்டுப்போட்டு நான் எங்கீங்க போவேன்?"

"சீக்கு இல்லீங்க," என்றார் டாக்டரம்மா பழனிசாமியிடம். "ஆனா நான் இன்னும் முடிக்கலீங்க. நாளைக்கு வாரேனுங்க." மூன்று வாக்கியங்களிலும் தப்பாமல் 'ங்க' விழுந்ததும் எனக்கு நிலவரம் புரிந்துவிட்டது.

மறுநாள் போனோம். டாக்டரம்மா ஒரு தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பி வலைக்கு வெளியே உட்கார்ந்தார். காலையெல்லாம் உட்கார்ந்திருந்தார். கோழிகள் மேய்ந்தன, மண் குளித்தன, சண்டை போட்டன. நோய்க் கோழிகளாகவே தெரியவில்லை. சிவகாமி கதவைத் திறந்து ஓரடி வைத்ததும் கொட்டகையே கிளம்பியது. நான் பல பண்ணைகள் பார்த்தவன், அப்படியொரு மிரட்சியைப் பார்த்ததில்லை. தூசி அடங்குவதற்குள் அவளை வெளியே அழைத்து, மூலையில் குவிந்த கோழிகளை நான்தான் பிரித்துவிட்டேன்.

"முன்னெல்லாம் என்ன சீலை கட்டிட்டு உள்ள போவீங்க அம்மிணி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நீலமுங்க. நெறம் மாறுனாக் கோழி மெரளுமுன்னு அவிய நீலத்துலயேதான் எடுத்துக் குடுப்பாங்க."

"அது நாலு நாள்ல பழகிருமுங்க," என்றார் பழனிசாமி. "நாங்க பாக்காத கோழியா?"

அவர் சொன்னது சரி. நிறம் மாறினால் கோழி மிரளும் என்பது நாமக்கல்லில் தீவனம் அள்ளுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். சில நாட்களில் பழகிவிடும் என்பதும் தெரியும். அதனால்தான் யாரும் சேலையைச் சந்தேகப்படவில்லை, அவள் காலைச் சந்தேகப்பட்டார்கள். டாக்டரம்மாவும் அதை ஒப்புக்கொண்டார். "நாயமுங்க. பழகியிருக்கோணும். ஏன் பழகலீன்னுதான் எனக்கும் வெசனம்." வலைப் பக்கம் திரும்பி, "சாவன்னிக்கு இங்க என்ன நடந்துச்சுங்க?" என்று கேட்டார்.

பழனிசாமி கொட்டகைக் கூரையைப் பார்த்தார். பிறகு சிவகாமிதான் சொன்னாள். உடலை வாசலில் கிடத்தியிருந்தபோது திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. வந்த உறவினர் கூட்டம் ஒதுங்க இடமில்லாமல் கொட்டகைக்குள் புகுந்தது. ஆண்களெல்லாம் வெள்ளை வேட்டி, வயதான பெண்களில் பாதிப்பேர் வெள்ளைச் சேலை. கொட்டகைக்கு வெளியே பறை அடித்தார்கள், சரவெடி கொளுத்தினார்கள். உள்ளே கோழிகள் வெள்ளைத் துணிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு சிதறின. அன்றே சில செத்திருக்கின்றன. அந்தத் துக்கத்தில் கோழியை யார் பார்த்தார்கள்?

டாக்டரம்மா வாளியிலிருந்து எழுந்தார். "ஏனுங்க, நீங்க கொஞ்சம் உள்ள போயிட்டு வாரீங்களா?" என்றார் பழனிசாமியிடம்.

"நானுங்களா? சாவுக்கப்புறம் உள்ள போனதில்லீங்க. போனா எனக்கென்னங்க," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கதவைத் தாண்டினாரோ இல்லையோ, கோழிகள் அதே மூலைக்குப் பறந்தன. அவளைக் கண்டு ஓடியதைவிட வேகமாக ஓடியதாகத்தான் எனக்குத் தோன்றியது. மனிதர் பதறிப்போய் இரண்டு கைகளாலும் கோழிகளை வாரி வாரிப் போட்டார். வெளியே வந்தபோது திருநீறு அழிந்து, சட்டையெல்லாம் இறகு. யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

"உங்க காலும் ஆவலியாட்டம் இருக்குதுங்க," என்றார் டாக்டரம்மா மெதுவாக.

அவர் சட்டையில் ஒட்டிய இறகுகளைப் பிடுங்க ஆரம்பித்தார். டாக்டரம்மா சிவகாமியைப் பார்த்து, "அந்த நீலச் சீலை இருக்குதா அம்மிணி?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. அந்த வீட்டில் தம்பி மனைவியிடம் மூத்தவர் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. பழனிசாமி சட்டையிலிருந்து இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முடித்துவிட்டு, டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கொட்டாய்க்குள்ள மட்டும் கட்டிக்கச் சொல்லுங்க."

வீட்டுக்குள் போனவள் வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது நீலச் சேலையில் மடிப்புத் தழும்பு தெரிந்தது. முகத்தைக் கழுவியிருந்தாள். கொட்டகைக்குள் போனாள். கோழிகள் தலை தூக்கின, கொஞ்சம் விலகின, மறுபடி குனிந்து மேய்ந்தன. ஒரு கோழி கிட்டே வந்து முந்தானையைக் கொத்தி இழுத்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டரம்மா விடவில்லை. துரைசாமி காலையில் எப்படி வருவார் என்று கேட்டார். மொபெட்டில் தீவன மூட்டையோடு வருவார் என்றாள். மொபெட், சாக்குப் போட்டு மூடி சுவரோரம் நின்றது. லாரி மோதிய அன்று அவன் அதை எடுத்துப் போகவில்லை. என்னைக் கிளப்பச் சொன்னார். மிதித்து மிதித்து எனக்கு மூச்சு வாங்கியபின் ஒருவழியாகப் பிடித்தது.

சத்தம் கேட்டதும் கொட்டகை அடங்கிப் போனது. பிறகு அத்தனை கோழிகளும் கதவுப் பக்கம் வந்து வலையை ஒட்டி நெருக்கி நின்றன. கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, வண்டி வரும் பாதையைப் பார்த்தன. அந்தப் பாதையில் யாரும் இல்லை.

"அவிய வாராங்கன்னு நெனச்சுக்குதுங்க," என்று சொல்லிவிட்டுச் சிவகாமி அழுதாள். துக்க வீட்டில் அழுவது போல இல்லாமல், சின்னப் பிள்ளை போல அழுதாள். டாக்டரம்மா மறுபடி வாளியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை அணைத்தேன். அணைத்த பிறகும் கோழிகள் உடனே கலையவில்லை.

பண்ணையில் பார்த்தது டாக்டரம்மாவுக்குப் போதாது. சில கோழிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தோம். சிலவற்றுக்கு வெள்ளைத் துணியைக் காட்டினோம், சிலவற்றுக்கு நீலம். வேறு பண்ணையிலிருந்து வெள்ளையைக் கண்டிராத கோழிகளையும் வாங்கி அவற்றுக்கும் வெள்ளை காட்டினோம். பிறகு என் வேலை. அந்தத் தகடுகளை என் கையால் செய்தவற்றிலேயே சுத்தமானவை என்பேன். சிவகாமியின் கோழிகள் வெள்ளையைக் கண்டபோது பயத்தின் இடம் முழுக்கக் கருத்துக் கிடந்தது. வேறு பண்ணைக் கோழிகளுக்கு அங்கங்கே சில புள்ளிகள்தான். வெடிச் சத்தத்தோடு சேர்ந்து பதிந்த வெள்ளை, வேறு வெள்ளை.

வண்டிச் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிக்கவிட்ட கோழியின் தகடும் ஒன்று இருந்தது. பயத்தின் இடம் வெளிறிக் கிடக்க, நாடிப் போகிற இடத்தில் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. டாக்டரம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு என்னன்னு பேரு போடறதுங்க, ராஜமாணிக்கம்?"

"எதிர்பார்ப்புன்னு போடலாமா மேடம்?"

"போடுங்க," என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வார்த்தை தெரியும். அதை அறிக்கையில் எழுத முடியாது.

முடிவைக் கேட்க வந்த சிவகாமிக்கு இரண்டு தகடுகளையும் மைக்ராஸ்கோப்பில் காட்டினோம். கூடவே வந்த பழனிசாமியும் பார்த்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். பண்ணையைப் பற்றி அவர் அதன்பிறகு பேச்செடுக்கவில்லை.

"இந்தப் புள்ளி அழியாதுங்களா?" என்று கேட்டாள் சிவகாமி.

"உசுரோட இருக்கற கோழிக்குள்ள புள்ளி கொஞ்ச நேரத்துல மறைஞ்சுரும் அம்மிணி. ஆனா அது ஒருக்கா எரிஞ்சதுனால உள்ள சில கதவு தொறந்தபடிக்கும், சிலது சாத்துனபடிக்கும் நின்னு போவுது. அதுதான் லேசுல மாறாது."

"மாத்த மருந்து இருக்குதுங்களா?"

"குஞ்சுக்குக் குடுத்துப் பாத்திருக்கறோம். அந்த நேரத்துலயே குடுத்தா நெனப்புப் பதியாமப் போயிருது."

"மனுசருக்குங்க?"

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இன்னம் இல்லீங்க. வந்தா வேணுமா?"

அவள் மறுபடி குனிந்து, வண்டிச் சத்தத்துத் தகட்டைப் பார்த்தாள். "வெடிச் சத்தமும் அந்த நாளும் மட்டும் போவுமுன்னாக் குடுங்க. வண்டிச் சத்தமும் சேந்து போயிருமுன்னா வேண்டாமுங்க. பிரிச்செடுக்க முடியுங்களா?"

"தெரியலீங்களே அம்மிணி," என்றார் டாக்டரம்மா. தெரியாது என்று அவர் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று சொன்னது போல ஒருநாளும் சொன்னதில்லை.

டாக்டரம்மா ஓய்வுபெற்ற அடுத்த வருடமே போய்விட்டார். இப்போதும் பஸ் ஸ்டாண்டில் குஞ்சுப் பெட்டிகளோடு வேன் நின்றால் என் கால் தானாகத் தயங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன், பக்கத்தில் அவர் கதவில் கை வைத்து நிற்பது போல இருக்கும். எனக்குள்ளேயும் எதுவோ திறந்தபடி நின்றுவிட்டது, நிவேதா. உங்கள் மெஷினில் என்னை வைத்தால் அது காட்டலாம். நான் வர மாட்டேன்.

உன் போன் வந்த மறுநாள் மனம் கேட்காமல் எருமப்பட்டி பஸ் ஏறினேன். கொட்டகை இருந்தது, இன்னொன்றும் புதிதாகக் கட்டியிருந்தாள். பழனிசாமி தீவனம் இறக்கிக்கொண்டிருந்தார். கிழவர் நீலச் சட்டை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் காலரைத் தொட்டுக்கொண்டு, "பழக்கமாயிப் போச்சுங்க," என்றார்.

சிவகாமி பாதையில் மொபெட்டில் வந்து இறங்கினாள். நரை விழுந்திருந்தது. நீலச் சேலை. கொட்டகைக்குள் மட்டும் என்ற பேச்செல்லாம் எப்போதோ போயிருக்க வேண்டும்.

"இப்ப இருக்கற கோழிங்களுக்கு வெள்ளைன்னா பயமில்லையே?" என்றேன்.

"இல்லீங்க. அந்தக் கோழியெல்லாம் போயி எத்தனையோ பேட்ச் ஆயிப்போச்சுங்களே," என்றாள். சேலையைப் பற்றி அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

வண்டி பழைய வண்டிதான். எஞ்சினை இரண்டு தடவை மாற்றியதாகவும், அதே சத்தம் வரவில்லை என்று மெக்கானிக்கோடு சண்டை போட்டதாகவும் சொன்னாள். எனக்குக் காட்ட வேண்டும் என்று மறுபடி கிளப்பினாள். கொட்டகை அடங்கியது. துரைசாமியைக் கண்ணால் கண்டிராத கோழிகள் வலையோரம் வந்து நெருக்கி நின்று, கழுத்தை நீட்டிப் பாதையைப் பார்த்தன.

"குஞ்சுலிருந்தே இந்தச் சத்தத்தக் கேக்க வெச்சுத்தானுங்க வளத்தறேன்," என்றாள் சிவகாமி. வண்டியை அணைக்காமல் அவளும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் ஒருத்தியே எத்தன நாளைக்குத்தானுங்க எதிர்பாத்துட்டு இருக்கறது?"